ஜெனி அம்மாவின் கிறிஸ்துமஸ் கள்ளி

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை நீயும் ஜெனியும் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு எதிலும் கை ஓடவில்லை. நீங்கள் சாப்பிட்ட தட்டுகளை நான் கழுவிக்கொண்டிருந்தபோது நீ சமையலறைக்குள் வந்தாய். கதவைப் பாதி சாத்திவிட்டு, ஹாலில் இருக்கிறவளுக்குக் கேட்காத குரலில் சொன்னாய்: "அம்மா, நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். அவங்க அம்மாவை நீ பாத்துக்குவேன்னு ஜெனிகிட்ட சொல்லு. அவ கெளம்பிடுவா." நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழாதது போலத் தட்டையே தேய்த்துக்கொண்டு நின்றேன். நீ என் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாய். காதில் நன்றாகவே விழுந்தது, கண்ணா. ஏன் பதில் சொல்லவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் என்றால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன்.

நான் பயப்படுகிறவள் என்பது உனக்குப் புதிதில்லை. சில்க் போர்டு ஜங்ஷன் பக்கம் மழை என்று டிவியில் சொன்னால், நீ ஆபீசில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதே உனக்குப் போன் செய்பவள். இப்போது நீ ஜெர்மனி என்கிறாய். நல்ல வேலை, நல்ல ஊர் என்று உங்கள் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஜெனியோ, ஈஜிபுராவில் தனியாக இருக்கும் அம்மாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள். ஆபரேஷன் ஆகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகாத இதயம். அவள் சொல்வதில் என்ன தப்பு? நீங்கள் இரண்டு பேரும் என் முன்னால் சிரித்துப் பேசுகிறீர்கள், லிஃப்ட் கதவு மூடியதும் சண்டை போடுகிறீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கள்ளிச் செடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் நீ அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய். அப்போது எனக்கும் ஜெனியின் அம்மாவுக்கும் பேச்சு இல்லை. கல்யாணப் பேச்சுக்கு ஜெனியோடு நம் வீட்டுக்கு வந்த அவள் அம்மா ரோஸலின், உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, "கல்யாணம் சர்ச்லதான் நடக்கணும்" என்றார்கள். "எங்க பக்கமும் நாலு பேருக்குப் பதில் சொல்லணும், மண்டபத்துல ஐயர் வெச்சுத்தான் பண்ணுவோம்" என்றேன் நான். அவர்கள் எழுந்துவிட்டார்கள். தொடாத காபி ஆடை கட்டி டீப்பாயின் மேல் இருந்தது. அதை சிங்கில் கொட்டும்போது, இந்த அம்மாவோடு நமக்கு இந்த ஜென்மத்தில் ஒத்துவராது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் அவர்களுக்கு வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், அதற்கு முன்னால் நுரையீரலில் சேர்ந்திருக்கும் நீர் இறங்க வேண்டும் என்று டாக்டர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜெனி கூடவே இருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. செடியை யார் பார்ப்பது என்று கேட்டபோது, நீ முந்திக்கொண்டு "எங்கம்மா பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. முள் இல்லை, சரி. நண்டுக் கால் மாதிரி தட்டை தட்டையாய்க் கணு விட்டு, தொட்டியின் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கள்ளி கள்ளிதானே, கல்யாணம் பேசுகிற வீட்டுக்குள் கள்ளியை வைக்கலாமா என்று ஒரு பக்கம் கவலை. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இது என் கையில் வாடிப்போனால் என்ன நினைப்பார்கள் என்று இன்னொரு பக்கம். வேண்டுமென்றே சாகடித்தாள் என்று சொன்னால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? அதனால் காலையில் ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்பு என்று தண்ணீர் ஊற்றினேன்.

அந்த வாரமே போன் வந்தது. தெரியாத நம்பர். "நான் ஜெனி அம்மா பேசறேன்" என்று மூச்சிரைக்கும் குரல். நலம் விசாரிக்க நான் வாயைத் திறப்பதற்குள், "காக்டஸுக்குத் தண்ணி ஊத்தறீங்களா?" என்றார்கள்.

"ரெண்டு வேளையும் தவறாம ஊத்தறேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஐயோ, பிரபு அம்மா! கொன்னுடாதீங்க!"

அவர்கள் இருமி முடித்துவிட்டு, பள்ளிக்கூட டீச்சராகப் பாடம் நடத்திய அதே தோரணையில் ஆரம்பித்தார்கள். "விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. மேல காஞ்சிருந்தாத்தான் ஊத்தணும். அடியில தட்டுல தண்ணி நின்னா கொட்டிடுங்க, வேர் அழுகிடும். அதுக்காக காயவும் போடக்கூடாது. இது பாலைவனத்துக் கள்ளி இல்ல. காட்டுல மரக்கிளை மேல உக்காந்துக்கிட்டு வளர்ற ஜாதி. நேர் வெயில் வேணாம், வெளிச்சம் வேணும். புரிஞ்சுதா?" புரிந்தது என்றேன். வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லையே என்று எனக்கு உறைத்தது. மறுநாள் நானே கூப்பிட்டேன்.

பூக்கிற கதை அதைவிடப் பெரிய கதை. டிசம்பரில் பூக்க வேண்டுமென்றால் அதற்கு அப்போதிருந்தே நீளமான இருட்டு வேண்டுமாம். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை அதன் மேல் விளக்கு வெளிச்சமே படக்கூடாதாம். அப்போதுதான் அதற்குப் பூக்கிற காலம் வந்துவிட்டது என்று தெரியுமாம். நம் ஜோகுபாளையம் வீட்டில் அது முடிகிற காரியமா? ஹால் ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு. பழைய மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை விளக்கு போட்ட பிறகு நம் ஹாலில் ராத்திரியே கிடையாது. கடைசியில் நம் வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கி, சாயந்திரம் விளக்கேற்றியதும் செடியின் மேல் கவிழ்ப்பதும், காலையில் பால் வந்ததும் எடுப்பதுமாக இருந்தேன். உங்கள் அப்பா, "சம்பந்தியம்மா செடிக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல" என்பார். ஆனால் ஒரு நாள் நான் கோவிலில் தாமதமாகிவிட்டது என்று பதறி ஓடிவந்தபோது பெட்டி ஏற்கெனவே கவிழ்ந்திருந்தது. அவர் ஒன்றும் தெரியாதவர் போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை பிறக்கும்போது நுனிகளில் அரிசி முனை மாதிரி சிவப்பாக என்னவோ தெரிந்தது. பூச்சியோ என்று பயந்து கூப்பிட்டேன். "மொட்டு, பிரபு அம்மா, மொட்டு!" என்று அவர்கள் கத்தியதில் பக்கத்தில் நர்ஸ் யாரோ அதட்டுவது கேட்டது. அதற்கப்புறம் தினமும் பேசினோம். கல்யாணப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. ஒரு நாள் நான், "இது ஜெனியோட அப்பா வாங்கிக் கொடுத்ததா?" என்று கேட்டேன். அவர் ஜெனி பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார் என்று தெரியும். செடியைத் தொடும்போதெல்லாம் அந்த நினைப்பு என்னை பயமுறுத்திக்கொண்டிருந்தது. ரோஸலின் சிரித்துவிட்டார்கள். "அவரு வாங்கிக் கொடுத்தது ரோஜா. அது எப்பவோ செத்துப்போச்சு. இது என் சம்பளத்துல நான் வாங்கினது. சும்மா நீங்களா கதை கட்டிக்காதீங்க." இந்த அம்மாவோடு எனக்கு ஒத்துவரும் என்று முதல்முறையாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பிறகு பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. தை மாதம் கல்யாணம் என்று நீ பிடிவாதமாக இருந்தாய், வீடு அழுக்காக இருக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பெயிண்ட் வாடை செடிக்கு ஆகாதோ என்று பயந்து பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். நல்லது நினைத்துத்தான் செய்தேன். அங்கே ஏரிப் பக்கத்துக் குளிர்காற்று நேராக வந்து அடிக்கும் என்பதை யோசிக்கவில்லை. மொட்டு வைத்த செடியை இடம் மாற்றக்கூடாது என்பதும் எனக்குத் தெரியாது. திரும்ப எடுத்துவரப் போனபோது தரையெல்லாம் மொட்டு. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். எதற்குப் பொறுக்கினேன் என்று தெரியவில்லை, திரும்ப ஒட்டவா முடியும்? மறுநாள் அவர்களுக்கு ஆபரேஷன்.

நீ அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? "அம்மா, இப்ப எதுவும் சொல்லிடாத. நல்லா இருக்குன்னு சொல்லு." உங்கள் அப்பாவும் அதையேதான் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சாயந்திரம் போன் வந்தது. நான் எடுத்ததுமே, "மொட்டெல்லாம் பெருசாயிடுச்சா?" என்றார்கள். சொல்ல வேண்டிய பொய்யை நான் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயில் வரவில்லை.

"விழுந்துடுச்சு, ஜெனி அம்மா. பெயிண்ட் அடிக்கறாங்கன்னு எடத்தை மாத்தினேன். எல்லாம் விழுந்துடுச்சு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எல்லாமேவா?"

"ரெண்டு மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"தண்டு தொவண்டிருக்கா? தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். "இல்ல, கெட்டியாத்தான் இருக்கு."

"அப்ப செடிக்கு ஒண்ணும் இல்ல. கஷ்டம் வந்தா மொட்டை உதுத்துட்டுத் தன்னைக் காப்பாத்திக்கும். அடுத்த வருஷம் பூக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார்கள். "இங்க எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னே சொல்றாங்க, பிரபு அம்மா. டாக்டரு, நர்ஸு, ஜெனி எல்லாரும். கேட்டுக் கேட்டு எனக்கு பயம்தான் ஜாஸ்தியாச்சு. நீங்க ஒருத்தர்தான் இருக்கறதை இருக்கறபடி சொன்னீங்க. அதனால உங்ககிட்ட சொல்றேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கல்யாணத்தைத் தள்ளிப்போடாதீங்க. சர்ச்லதான்னு நான் சொன்னதையும் விட்டுடுங்க. அவ தனியா நிக்கக்கூடாது, அவ்வளவுதான்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். புதுப் பெயிண்ட் புடவையெல்லாம் ஒட்டிக்கொண்டது. "சர்ச்லயும் நடக்கும், மண்டபத்துலயும் நடக்கும். நீங்க வந்து முன்னால நின்னு நடத்துவீங்க" என்றேன். அதை எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் ஜெனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றும்வரை அவளும் விடவில்லை, நானும் விடுவிக்கவில்லை. உள்ளே இருக்கிறவர்கள் எழுந்து வராவிட்டால், முன்னால் நின்று நடத்துவீர்கள் என்று நேற்று நான் சொன்னது பொய்யாகிவிடுமே என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் தலையை ஆட்டிச் சிரித்தபோது முதலில் அழுதது நான்தான்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். ஒரு நாள் சர்ச், அடுத்த நாள் மண்டபம். ரோஸலின் மெதுவாக நடந்து வந்து இரண்டு இடத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு மொட்டும் பொங்கலை ஒட்டி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், நல்ல ரோஸ் நிறத்தில் விரிந்தன. அதைப் பார்க்க நம் வீட்டுக்கு வந்த ரோஸலின் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "இவ்வளவு பாடு பட்டதுக்கு வேற கலர் அடிச்சிருக்கலாம்" என்றார்கள்.

இப்போது நான் ஏன் பேசாமல் நின்றேன் என்பதற்கு வருகிறேன். அவர்களைப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது என்று இல்லை. ஜெனி தன் அம்மாவுக்காக இங்கேயே நின்றுவிட்டால் நீயும் நின்றுவிடுவாய். அதுதான் காரணம். நான் எதுவும் செய்ய வேண்டாம், யாரையும் தடுக்க வேண்டாம், வாயை மூடிக்கொண்டு தட்டைக் கழுவினால் போதும், என் பிள்ளை என் பக்கத்திலேயே இருப்பான். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. நீ போய்விட்டால் அந்தக் குளிரில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவார்கள், உங்கள் அப்பாவுக்கோ எனக்கோ ஒன்று ஆனால் நீ வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்றெல்லாம் நினைத்து, ஒரு மனுஷியின் சீக்கை எனக்கு வசதியாகப் பிடித்துக்கொண்டேன்.

மனசு கேட்கவில்லை. நேற்றுக் காலையில் ஆட்டோ பிடித்து ஈஜிபுராவுக்குப் போனேன். ரோஸலின் ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். போனதும் போகாததுமாக, "நீங்க எங்க வீட்டுக்கே வந்துடுங்க, ஜெனி நிம்மதியாக் கெளம்புவா. பிரபு ரூம் காலியாத்தான் இருக்கும். உங்க செடியையும் எடுத்துட்டு வந்துடலாம்" என்றேன்.

அவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். "பிரபு அம்மா, நான் செடி இல்ல. என்னை யாரும் தூக்கிட்டுப் போய் எங்கயும் வைக்க வேணாம்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர்கள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "கோவிச்சுக்காதீங்க. இந்தத் தெருவுல எனக்கு எல்லாரையும் தெரியும். கீழ் வீட்டுப் பொண்ணு காலைலயும் சாயந்திரமும் எட்டிப் பாக்கறா. எனக்குத் தனியா இருக்கறது பயமில்ல. ஜெனி எனக்காக நின்னுட்டு, நாலு வருஷம் கழிச்சு, உன்னாலதாம்மா போகலன்னு ஒரு பார்வை பாப்பா பாருங்க, அதுக்குத்தான் பயம்." பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்கள்: "உங்களுக்கு பிரபு போறது பிடிக்கல, இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பிடிக்கல" என்றேன். சொன்னதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கினது போல இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பிறகு சேர்ந்தே பீன்ஸை நறுக்கி முடித்தோம்.

என்ன முடிவு செய்தோம் என்று கேள். அவர்கள் ஈஜிபுராவிலேயே இருப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைக்கு அவ்வப்போது செய்ய வேண்டிய பரிசோதனைக்கு நான் கூடப் போவேன். எந்த அளவு இருந்தால் நல்லது, எது கூடினால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு போன், காலையில் எழுந்ததும் ஒரு போன். வீட்டுச் சாவி ஒன்றை என் பையில் போட்டார்கள். முடியாத நிலை வந்தால் அவர்களே வாயைத் திறந்து சொல்வதாகவும், நான் அப்போது வீடு மாறச் சொன்னால் எதிர்த்துப் பேசுவதில்லை என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்த்துப் பேசாமல் இருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அங்கிருந்தே ஜெனிக்குப் போன் செய்து, அவள் அம்மாவை வைத்துக்கொண்டே எல்லாம் சொல்லிவிட்டேன். நான் தட்டு கழுவும்போது நீ கேட்டதையும், நான் பேசாமல் நின்றதையும் சேர்த்தே சொன்னேன். "அத்தை, எனக்கு பயமா இருக்கு" என்றாள். "எனக்கும்தாம்மா. உங்கம்மாவுக்கும்தான். நீ கெளம்பு" என்றேன். உனக்கு அவள் சொல்லியிருந்தாலும் நானும் சொல்ல வேண்டும் என்றுதான் விடிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செடியைப் பற்றியும் ஜெனி கேட்டாள். பொங்கலுக்கு அப்புறம் ஈஜிபுராவுக்கே திரும்பிப் போன தொட்டி இந்த வருஷமும் மொட்டு வைத்திருக்கிறது, அதை யாரும் தொடப்போவதில்லை. இங்கிருந்து கிளை உடைத்துப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள், ஏர்போர்ட்டில் பிடித்து என்ன கேட்பார்களோ. அங்கேயே கடைகளில் குளிர்காலத்தில் கிடைக்குமாம். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே சாயந்திரம் சீக்கிரமே இருட்டிவிடும் என்பதால் பெட்டியெல்லாம் கவிழ்க்க வேண்டியிருக்காது. ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதே, காய்ந்துவிடும். கண்ணாடி ஜன்னலில் ஒட்டியும் வைக்காதே, பனி தாக்கும். மொட்டு விழுந்தால் பதறாதே, தண்டைத் தொட்டுப் பார். உன் விஷயமும் அப்படித்தான். ஏதாவது நடந்தால் நல்லா இருக்கேன் என்று என்னிடம் பொய் சொல்லாதே. நான் பயப்படுவேன்தான், ஆனால் விஷயம் தெரிந்து பயப்படுவது எனக்குத் தாங்கும். நீ கூப்பிடும்போது முதலில் ஈஜிபுராவுக்குக் கூப்பிடு, அப்புறம் எனக்கு. ஜெனியை முதலில் எனக்குக் கூப்பிடச் சொல்.

என் பயம் போய்விடவில்லை, பிரபு. இந்த வரியை எழுதும்போதுகூட உங்கள் விமானம் எந்தெந்த நாட்டுக்கு மேலே பறக்கும் என்று உங்கள் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் பாதி பேர்களைத் தப்பாகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நீ இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடு. இரண்டாகவே போடு. ஜன்னல் பக்கத்தை அவளுக்குக் கொடு.

உன் அம்மா